இரண்டு உலோகமும் ஒரு நியமனமும்

இதை எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் வருகிறது. ஆகவே கோபம் வராத பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அது இரண்டு உலோகங்களைப் பற்றியது.

பூமியைச் சுற்றிய ஒரு செயற்கைக்கோளின் வயிற்றுக்குள் இரண்டு உருளைகள் இருந்தன. ஒன்றுக்குள் ஒன்று, தொடாமல். உள்ளே பிளாட்டினக் கலவை, வெளியே டைட்டானியக் கலவை. செயற்கைக்கோள் சுற்றுகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது பூமியை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறது. பக்கவாட்டிலும் அத்தனை வேகத்தில் ஓடுவதால் தரையை எட்டுவதில்லை. அதோடு சேர்ந்து அந்த இரண்டு உருளைகளும் விழுந்தன. எந்தப் பொருளால் செய்ததாக இருந்தாலும் எல்லாம் ஒரே மாதிரித்தான் விழும் என்பது பொதுச் சார்பியல் கோட்பாட்டின் அத்திவாரக் கல். ஓர் உலோகம் மற்றதைவிட எண்ணிப் பார்க்க முடியாத அளவு சிறிய ஒரு பங்கு முந்தினாலும் அத்திவாரம் ஆட்டம் காணும். அதைப் பார்க்கத்தான் இத்தனை பாடுபட்டு மேலே அனுப்பியிருந்தார்கள்.

செயற்கைக்கோள் எப்போதோ ஓய்ந்துவிட்டது. அது அனுப்பிய அளவீடுகள் மட்டும் இருந்தன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு சிறு குழு அவற்றைப் புதிய முறையில் திரும்பவும் அலசியது. அந்தக் குழுவில் நான் ஒருத்தி. குருக்கள்மடத்தில், கல்முனை வீதியிலிருந்து வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில், எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு.

என் வேலை இடைவெளிகளை நிரப்புவது. செயற்கைக்கோளைச் சுற்றிப் போர்த்திய தகடு வெயிலும் குளிரும் மாறி மாறிப் படும்போது சடசடக்கும். எங்கள் மாட்டுக் கொட்டிலின் தகரம் பத்து மணி வெயிலுக்குச் சடசடப்பதைப் போலத்தான். ஒவ்வொரு சடசடப்பும் சில விநாடி அளவீட்டைக் கெடுத்துவிடும். கெட்டதை வெட்டி எறிந்துவிட்டு, அந்த ஓட்டையை எதைக்கொண்டு நிரப்பினால் கணக்கு கெடாது என்று பார்க்க வேண்டும். தப்பாக நிரப்பினால் இல்லாதது இருப்பதுபோல் தெரியும். பொறுமை வேண்டிய வேலை. எனக்குப் பொறுமை கிடையாது, ஆனால் பிடிவாதம் நிறைய.

என்னை அதில் சேர்த்துவிட்டவன் என்னோடு பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் பௌதிகம் படித்தவன். மண்டூர்க்காரன். வாவிக்கு அந்தப் பக்கம் அவன் படுவான்கரை, இந்தப் பக்கம் நான் எழுவான்கரை. அப்பா செத்தபோது மண்டூரில் படகேறி, குருமண்வெளித் துறையில் இக்கரை இறங்கி, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை தினமும் கதிரை அடுக்கி, தேத்தண்ணி கொடுத்து, என் மாமன்மாரே காணாமல் போன பிறகும் நின்றவன். அவன் வெளிநாடு போய், கலாநிதிப் பட்டம் எடுத்து, அந்தக் குழுவிலேயே வேலைக்கும் சேர்ந்த பிறகு, "இடைவெளி வேலைக்கு ஒரு ஆள் வேணும் கா, நீ செய்வா எண்டு சொல்லிப்போட்டன்" என்று ஒருநாள் தொலைபேசியில் எடுத்துச் சொன்னான். பட்டம் எடுத்து ஐந்து வருடமாக ஆசிரிய நியமனத்துக்குக் காத்துக்கிடந்த எனக்கு அது பெரிய விஷயம். ஆறு மாத ஒப்பந்தம். வேலை நல்லபடி முடிந்தால் ஆய்வு மாணவியாக எடுக்கும் பேச்சும் இருந்தது.

சேரும்போது ஒரு தாளில் கையெழுத்து வைத்தேன். அதில் ஒரு விதி இருந்தது. குழுத் தலைவரும் இன்னும் ஒருவரும் அளவீட்டுக்குள் பொய்யான ஓர் அடையாளத்தை இரகசியமாகச் சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். நாங்கள் எங்கள் முடிவுகளை ஒப்படைத்து, கூட்டத்தில் திறக்கும்வரை அந்த இருவரும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் முறை உண்மையிலேயே எதையாவது கண்டுபிடிக்கக் கூடியதா என்று சோதிக்கத்தான் இது. பொய்யைக்கூடக் காணமுடியாத கண்ணுக்கு மெய் எப்படித் தெரியும்? நியாயமான விதி. இன்றைக்கும் அந்த விதியில் எனக்கு ஒரு குறையுமில்லை. அந்த இன்னும் ஒருவர் யார் என்று மட்டும் எங்களுக்குத் தெரியாது.

நாலாவது மாதம் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. இரண்டு உலோகங்களுக்கும் வித்தியாசம் இருந்தால் எந்த இடத்தில் தெரிய வேண்டுமோ, அச்சொட்டாக அந்த இடத்தில், வரைபடத்தில் ஒரு சின்ன முனை. மெல்லியது. நான் நம்பவில்லை. சூடு காரணமா என்று பார்த்தேன், இல்லை. இடைவெளிகளை வேறு மாதிரி நிரப்பினேன், போகவில்லை. அளவீட்டை இரண்டாக வெட்டித் தனித்தனியே பார்த்தேன், இரண்டு பாதியிலும் இருந்தது. கதிரையை விட்டு எழும்பி முற்றத்துக்கு வந்து, செருப்பில்லாமல் கேற் வரை போய்த் திரும்பி வந்தேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள, பேய் புடிச்ச மாதிரி?" என்றார்.

"அம்மா, ரெண்டும் ஒரே மாதிரி விழல்ல போல கிடக்கு."

"எது விழல்ல?"

சொன்னேன். அம்மா உபதபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் எடுப்பவர். கேட்டதை ஒழுங்காக விளங்கிக்கொள்கிறவர். ஆனால் சந்தோஷம் வந்தால் அவருக்கு வாய் நிற்காது. பின்னேரத்துக்குள் ஒழுங்கைக்கே செய்தி போய்விட்டது. "உன்ட மகள் மானத்தில ஓட்ட கண்டுபிடிச்சாளாமே, மழைக்கு முதல் அடைச்சிருவாளா?" என்று எதிர்வீட்டு மாமி வானத்தைக் காட்டி வேலிக்கு மேலால் கேட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எதற்கும் சிரிக்கும் நிலையில் இருந்தேன்.

விதி எனக்கு மறந்துபோகவில்லை. இது அவர்கள் போட்ட பொய்யாக இருக்கலாம் என்று தெரியும். அதனால்தான் மண்டூர்க்காரனுக்கு எடுத்தேன். இங்கேதான் நான் விட்ட பிழை. குழுக் கூட்டங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். நானும் அவனும் மட்டும் கதைக்கும்போது எங்கள் கரைத் தமிழ்; அவன் என்னைக் 'கா' போட்டுத்தான் கூப்பிடுவான். கூட்டத்தில் ஆங்கிலத்தில் கேட்டால் அது விதிக்குள் வரும், எங்கள் தமிழில் கேட்டால் அது நமக்குள் வரும் என்று நான் நினைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. யோசிக்காமலே நம்பியிருந்தேன். ஊர்த் தமிழில் ஒருத்தி கேட்டால் ஊரான் மறைக்கமாட்டான் என்று.

"டேய், ஒண்டு கேக்கன். இது உண்மையா?"

"எது?"

"நடிக்காத. நான் அனுப்பின படம். அந்த முனை."

"தரவுக்குள்ள அது இரிக்கு. அதில சந்தேகமில்ல" என்றான்.

"அப்ப உண்மதான்?"

"நீ செஞ்சது சுத்தமான வேல கா. நான் வரி வரியாப் பாத்தன். ஒரு பிழையுமில்ல."

இப்போது அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதிலும் பொய் இல்லை. தரவுக்குள் அது இருந்தது. என் வேலையில் பிழை இல்லை. எத்தனை கவனமான வாய் பாருங்கள்! அன்றைக்கு நான் அதையெல்லாம் "ஓம்" என்றே கேட்டேன்.

அந்தக் கிழமைதான் நியமனக் கடிதம் வந்தது. ஐந்து வருடம் வராதது, ஊர்வலம் போயும் வீதியோரம் கொட்டில் போட்டுக் குந்தியிருந்து போராடியும் வராதது, அந்தக் கிழமை வந்தது. கதிரவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம், கணிதம். குறித்த திங்கட்கிழமைக்குள் கடமையைப் பொறுப்பேற்க வேண்டும், தவறினால் நியமனம் இரத்தாகும். அம்மா கடிதத்தைச் சாமித் தட்டில் வைத்துவிட்டார். கதிரவெளி எங்களுக்கு மாவட்டத்தின் மறு அந்தம்; போனால் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். புதிய ஆசிரியைக்கு எத்தனை பாடவேளை தலையில் கட்டுவார்கள் என்பது ஊரறிந்த கதை. இடைவெளி வேலையைக் கைவிட வேண்டியதுதான். முனை தெரிந்த நேரத்தில், அதை விட்டுவிட்டுப் போவதா?

திரும்பவும் அவனுக்கே எடுத்தேன். வேறு யாருக்கு எடுப்பேன்?

"கதிரவெளியில போட்டிரிக்காங்கடா. திங்கக்கிழம கையெழுத்து வைக்கோணும். போனா இந்த வேலைய விடோணும். என்ன செய்ய?"

"அது உன்ட முடிவு கா."

"என்ட முடிவெண்டு எனக்குத் தெரியும். நீ என்ன சொல்றா?"

"இப்பிடி ஒண்டு ஒருத்தருக்கு ஒருக்காத்தான் வரும்" என்றான். "பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிப்போகாது."

பள்ளிக்கூடம் ஓடிப்போகாதாம். பள்ளிக்கூடம் நின்ற இடத்தில்தான் நிற்கும்; எனக்கான இடம்தான் போய்விடும். இலங்கையில் பிறந்த எந்தப் பட்டதாரிக்கு இது தெரியாது? அவனுக்குத் தெரியும். அவனுடைய அக்கா அதே மாதிரி ஒரு கடிதத்துக்குத்தான் ஆறு வருடம் காத்திருந்தவர்.

அம்மா கெஞ்சவில்லை. சாமித் தட்டிலிருந்து கடிதத்தை எடுத்து வந்து என் கணினிக்குப் பக்கத்தில் வைத்தார். "மானத்தில சுத்தின சாமானுக்காக இந்த வேலைய விடப் போறியா மகள்? எனக்கு விளங்கல்ல. விளங்கிறவன் சொல்லியிருக்கான் எண்டா சரி" என்றார். நான் அவர்மேல் பாய்ந்தேன். உங்களுக்கு ஓய்வூதியத்தைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் தெரியாதா என்று கத்தினேன். அம்மா குசினி அடுப்படிக்குப் போய்விட்டார். அந்தக் கத்தலை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

திங்கட்கிழமை நான் கதிரவெளிக்குப் போகவில்லை. கணினிக்கு முன்னால் இருந்தேன். செவ்வாயும் இருந்தேன்.

மூன்று கிழமை கழித்து முடிவு திறக்கும் கூட்டம். எங்களுக்குப் பின்னேரம் மூன்று மணி. நான் தலைக்குக் குளித்து, நல்ல சட்டை ஒன்று போட்டு, பின்னால் தெரியும் சுவரில் இருந்த பழைய கலண்டரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அம்மா கதவுக்கு வெளியே கதிரை போட்டுக்கொண்டார். ஆங்கிலம் முழுக்க விளங்காவிட்டாலும் குரலில் தெரியும்தானே என்றார். குழுத் தலைவர் வெள்ளைத் தாடிக்காரர், நல்ல மனுஷன். ஒவ்வொருவருடைய முடிவையும் வாசித்தார். மற்ற மூன்று பேரும் ஒன்றும் காணவில்லை. நான் மட்டும் கண்டிருந்தேன். பிறகு அவர் பூட்டிவைத்திருந்த கோப்பைத் திறந்து திரையில் காட்டினார். முனை இருந்த இடம், அதன் அளவு, அது சேர்க்கப்பட்ட நாள். நாங்கள்தான் போட்டோம் என்றார். நான் கணித்த அளவும் அவர்கள் போட்ட அளவும் அப்படியே பொருந்தின.

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குத்தான். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள், அத்தனை சந்தோஷம். இந்த முறை வேலை செய்கிறது என்று நிரூபித்துவிட்டாய் என்றார் தலைவர். பிறகு, தன்னோடு சேர்ந்து இதை இரகசியமாகச் செய்தவர் இவர்தான் என்று மண்டூர்க்காரனைக் காட்டினார். அவனும் கைதட்டிக்கொண்டிருந்தான். திரையில் சின்னப் பெட்டிக்குள் அவன் முகம். கீழே பார்த்துக்கொண்டு தட்டினான்.

நன்றி என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். கரண்ட் போய்விட்டது என்று எழுதிவிட்டுக் கணினியை மூடினேன். கரண்ட் போகவில்லை. காற்றாடி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அம்மா உள்ளே வந்தார். கைதட்டல் கேட்டிருக்கிறது, முகம் மலர்ந்திருந்தது. "நல்லாச் சொன்னாங்க போல?"

"ஓம். நல்லாத்தான் சொன்னாங்க. நான் கண்டுபிடிச்சது அவங்களே போட்டதாம். பொய்யாம்."

அம்மா என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். "அப்ப அந்தக் கடிதம்?" என்றார்.

அழுதேன். அப்பாவுக்குக்கூட அப்படி அழுததில்லை.

அடுத்தநாள் அவனே எடுத்தான். மூன்று தரம் அடிக்கவிட்டு நாலாவதுக்கு எடுத்தேன்.

"நீ கோவமா இரிக்கா எண்டு தெரியும்" என்றான். "ஆனா விதி கா. நீயும் கையெழுத்து வெச்ச நீதானே. எங்கட கோயில்ல வாயக் கட்டித்தானே பூச செய்யிறாங்க. அது மாதிரித்தான். வாய் திறக்க ஏலாது."

மண்டூர்க் கந்தசுவாமி கோயிலில் பூசகரான கப்புகனார் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால்தான் பூசை செய்வார். அதை இழுத்தானே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"டேய், அவர் சாமிக்காகக் கட்டுறார். நீ ஆருக்குக் கட்டின நீ? சரி, விடு. முனையப் பத்தி நீ சொல்ல ஏலாது. ஒத்துக்கிறன். நீ சொல்லியிருந்தா நானே உன்னத் திட்டியிருப்பன். நான் கேக்கிறது வேற. நான் நியமனத்தப் பத்திக் கேட்டனே, அதுக்கு எந்த விதி? 'போய்க் கையெழுத்த வை கா, அரசாங்க வேலைய விடாத' எண்டு ஒரு வார்த்த சொன்னா எந்த இரகசியம் உடைஞ்சிருக்கும்? முனைய விடு. உன்ட அக்கா கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்பா?"

அவனுக்குக் கட்டணம் ஏறட்டும் என்று தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நீ கதிரவெளிக்குப் போயிருந்தா இடைவெளி வேல நிண்டிரிக்கும்" என்றான் கடைசியில். "வேற ஆருக்கும் அது செய்யத் தெரியாது. என்ட ஒப்பந்தம் மார்கழியோட முடியுது கா. அதுக்குள்ள நம்மட ஆய்வுக் கட்டுரை வராட்டி எனக்கு இஞ்ச இடமில்ல."

அப்பாடா, கடைசியில் ஒரு நேரான வார்த்தை. அதைக் கேட்ட பிறகு எனக்குக் கத்த வரவில்லை. இவன் என் அப்பாவின் செத்த வீட்டில் எட்டு நாள் நின்றவன் என்பது மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அதுவும் உண்மையாகத்தான் நின்றான், அதுதான் தாங்கமுடியாதது. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுச் சோறு தின்னலாம்.

"கட்டுரையில உன்ட பேர் ரெண்டாவதா வரும்" என்றான்.

"வரட்டும். பேர எடுத்துராத. அந்த வேல நான் செஞ்சது" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் கதைக்கவில்லை. எழுத்தில் மட்டும், ஆங்கிலத்தில்.

பொய் அடையாளத்தை நீக்கிய அளவீட்டை அனுப்பினார்கள். அதையும் நான்தான் செய்தேன். ஒப்பந்தம் இன்னும் ஒரு மாதம் இருந்தது, அரைகுறையாக விட்டுப்போக எனக்கு வராது. எல்லாச் சோதனையையும் திரும்பச் செய்தேன். அந்த இடத்தில் முனை இல்லை. மட்டமான கோடு. எங்களால் அளக்கக் கூடிய அளவுக்கு இரண்டு உலோகங்களும் ஒரே மாதிரித்தான் விழுந்திருந்தன. கோட்பாட்டுக்கு ஒரு கீறலும் இல்லை. முடிவை அனுப்பினேன். மிக அழகான வேலை என்று தலைவர் எழுதினார். ஆய்வு மாணவி இடத்தைப் பற்றிக் கேட்டேன். இந்த வருடம் ஒன்றும் இல்லை, மனவருத்தம் என்று எழுதினார். நியமனத்தை விட்ட கதை அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லி இரக்கம் வாங்க எனக்கு மனமில்லை.

அம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல் நியமனத்துக்கு மேன்முறையீடு கொடுக்கப் போனேன். அம்மாவும் கூட வந்தார். கல்வி அலுவலகத்தில் ஒரு படிவம் தந்தார்கள். பெயர், முகவரி, பட்டம், நியமனக் கடித இலக்கம் எல்லாம் எழுதினேன். அதற்குக் கீழே, குறித்த தினத்தில் கடமையைப் பொறுப்பேற்காமைக்கான காரணம் என்று இருந்தது. இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.

"சுகமில்லாமக் கிடந்த எண்டு எழுது" என்று அம்மா காதுக்குள் சொன்னார். "நம்மட டொக்டர் ஐயாட்டக் கேட்டு ஒரு துண்டு வாங்கலாம்."

எனக்குக் கை போகவில்லை. ஆறு மாதம் முழுக்க ஓட்டையைப் பொய்யாக நிரப்பக் கூடாது என்று கண் நோக இருந்தவள் நான். பேனையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். பிறகு எழுதினேன்: 'ஒருவரை நம்பிவிட்டேன்.' எழுதியதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. உள்ளதை உள்ளபடி எங்கேயாவது ஓரிடத்தில் எழுதியாயிற்று.

கருமபீடத்தில் இருந்தவர் என் வயதுதான் இருப்பார். படிவத்தை மேலிருந்து கீழே விரலால் ஓட்டி வந்தவர் அந்த வரியில் நின்றார். வாசித்தார். நிமிர்ந்து என்னையும் அம்மாவையும் பார்த்தார். சிரிக்கவில்லை, அதற்கு அவருக்கு நன்றி.

"தங்கச்சி, காரணத்துக்கு ஆதாரம் இணைக்கோணும்" என்றார் மெதுவாக. "இதுக்கு என்னத்த இணைப்பீங்க?"

என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு தொலைபேசிப் பேச்சு. அதிலும் அவன் ஒரு பொய்யும் சொல்லியிருக்கவில்லை.

படிவத்தைத் திருப்பி வாங்கினேன். அந்த வரியை ஒரு கோட்டால் வெட்டினேன். மேலே இருந்த கொஞ்ச இடத்தில் 'சுகயீனம்' என்று எழுதிக் கொடுத்தேன். டொக்டர் துண்டை நாளைக்குக் கொண்டுவாறம் என்று அம்மா சொன்னார். அவர் முத்திரையை எடுத்துக் குத்தினார்.